சிறு டிராக்டருக்குச் சுழல் வெட்டுக்கருவி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வரும்போது, புதிய கருவி ஒன்று வாங்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. கூலி ஆள் கிடைக்காத இந்நாளில், தோப்பில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் புல்லையும் கரம்பில் மண்டிக் கிடக்கும் புதரையும் காணும்போது, டிராக்டரின் பின்னால் மாட்டி வெட்டும் சுழல் வெட்டுக்கருவியின் நினைவு வருகிறது. ரோட்டரி ஸ்லாஷர் என்றும் ரோட்டரி கட்டர் என்றும் கடைகளில் சொல்வது இதைத்தான்.

கடைக்குப் போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை அடி வேண்டும்?" என்பதே. அகலம் கூடினால் வேலை விரைவில் முடியும் என்று எண்ணிப் பலரும் பெரியதையே கேட்கிறார்கள். 20 குதிரைத்திறன் டிராக்டருக்கு 5 அடிக் கருவியை மாட்டினால் வேலை விரைவதில்லை. எஞ்சின் திணறும், கிளட்ச் தேயும், டீசல் வீணாகும், புல்லும் வெட்டுப்படாமல் சாய்ந்து கிடக்கும். ஆகவே அடியைச் சொல்லுமுன் நீங்கள் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். என்ன வேலைக்கு? எந்த டிராக்டருக்கு? ஆண்டுக்கு எத்தனை ஏக்கருக்கு? இம்மூன்றுக்கும் பொருந்தும் கருவியே உங்களுக்கு இலாபம் தரும். பொருந்தாவிட்டால் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

கருவிகள் மூன்று, வேலைகள் வேறு

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டால் சுழலும் கருவிகளில் மூன்றை நம் உழவர்கள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, சுழல் கலப்பை. ரோட்டவேட்டர் என்று எல்லோரும் அறிந்தது. படுக்கைவாட்டில் சுழலும் தண்டில் 'எல்' வடிவக் கொழுக்கள் இருக்கும். இது மண்ணை வெட்டிக் கிளறும் கருவி. புல் வெட்டுவதற்கானது அன்று.

இரண்டாவது, நாம் இங்கே பேசும் சுழல் வெட்டுக்கருவி. கவிழ்த்த தட்டுப் போன்ற இரும்புக் கூட்டின் அடியில், செங்குத்தான தண்டில் பூட்டிய இரண்டு அல்லது மூன்று கனத்த கத்திகள், மின்விசிறியின் இறக்கைகளைப் போலச் சுழலும். மண்ணைத் தொடாமல், தரைக்கு மேல் சில விரற்கடை உயரத்தில் புல்லையும் இளம்புதரையும் வெட்டும்.

மூன்றாவது, மல்ச்சர். படுக்கைத் தண்டில் தொங்கும் பல சிறு கத்திகள் தாளையும் தட்டையையும் சோகையையும் அடித்துத் துண்டு துண்டாக்கும். கரும்புச் சோகை தூளாக்கும் கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரே அகலத்துக்குச் சுழல் வெட்டுக்கருவியைவிட இதற்குக் கூடுதல் திறன் வேண்டும். எனவே சிறு டிராக்டர் வைத்திருப்போர் இதை விலைக்கு வாங்க எண்ணாமல், பெரிய டிராக்டருடன் சேர்த்து வாடகைக்கு அமர்த்திக்கொள்வதே பொருந்தும்.

முதல் கேள்வி: என்ன வேலைக்கு?

பூதலூர் வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கல்லணையில் பிரியும் நீரில் ஒரு பங்கு கல்லணைக் கால்வாயாக, அதாவது நம் மக்கள் சொல்லும் புது ஆறாக, தஞ்சையை நோக்கி வருகிறது. வடக்கே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரிக் கரையின் வண்டல் நிலம். நெல், வாழை, கரும்பு. தெற்கே செங்கிப்பட்டிப் பக்கம் செம்மண் மேட்டுப்பாங்கு. ஒரே வட்டத்தில் இருந்தாலும் இவ்விரு பக்கத்து உழவர்களுக்கும் தேவை ஒன்றாக இராது.

*தென்னந்தோப்பும் பழத்தோட்டமும்:* சுழல் வெட்டுக்கருவிக்கு மிகவும் ஏற்ற வேலை இதுதான். வெட்டிய புல் தரையிலேயே மூடாக்காகக் கிடந்து ஈரத்தைக் காக்கும். உழுவதால் மேல் வேர்கள் அறுபடும் இழப்பும் இல்லை. ஆனால் வெட்டுமுன் விழுந்த மட்டை, பாளை, நெற்றுத் தேங்காய், உரிமட்டை ஆகியவற்றைப் பொறுக்கி ஓரம் சேர்த்துவிட வேண்டும். கத்தியில் பட்ட நெற்றுத் தேங்காய் கல்லைப் போலத் தெறிக்கும்.

*கரம்பும் புதரும்:* மேட்டு நிலத்தில் தரிசாகக் கிடக்கும் இடத்தில் கட்டைவிரல் பருமன் வரையுள்ள செடிகளைச் சிறு டிராக்டரின் கருவி வெட்டும். அதற்கு மேற்பட்ட சீமைக்கருவேலை இதனால் வெட்ட முயல வேண்டாம். கருவேலின் வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். கூராக நிற்கும் கட்டை டயரையும் குத்திக் கிழிக்கும். அதை வேரோடு தோண்டி எடுப்பதே முறை.

*சம்பா அறுவடைத் தாள்:* இங்குதான் நன்கு யோசிக்க வேண்டும். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளை வெட்ட இக்கருவி வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நெல் தரிசில் உளுந்து விதைப்பவர்களுக்கு இது உதவாது. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே நிற்கும் பயிரில் உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். அறுவடையாகும்போது உளுந்து முளைத்து நிற்கும். அந்த வயலில் எந்தக் கருவியையும் மறுபடி இறக்கக்கூடாது. உளுந்து இல்லாத வயலிலும் ஈரம் முற்றிலும் காய்ந்தபின்தான் வெட்ட முடியும். ஈர மண்ணில் சக்கரம் அமுங்கினால் கத்தி மண்ணைக் கொத்தும். கியர் பாக்ஸ் கெடும். அடுத்த பருவத்துக்குத் தண்ணீர் வந்தபின் சுழல் கலப்பையால் சேற்றில் தாளை மடக்கிவிடுவது இதைவிட எளிது.

எவ்வாறாயினும் தாளைக் கொளுத்த வேண்டாம். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை தழைச்சத்தும், 14 முதல் 20 கிலோ வரை சாம்பல் சத்தும் இருக்கின்றன. தீயிட்டால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போய்விடும். மாட்டுத் தீவனத்துக்குத் தேவையுள்ளவர்கள் வைக்கோல் கட்டும் கருவியைக் கொண்டு கட்டுகளாக்கலாம்.

*பசுந்தாள் உரம்:* தக்கைப்பூண்டைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழத் தனியாக வெட்டுக்கருவி தேவையில்லை. தண்ணீர் கட்டிச் சுழல் கலப்பையை இரண்டு முறை ஓட்டினால் போதும்.

*வாழையும் கரும்பும்:* வாழைத்தார் வெட்டியபின் நிற்கும் மரத்தை இக்கருவியால் அடித்தால் நார் பிரிந்து தண்டில் சுற்றிக்கொள்ளும். நார் உள்ளே புகுந்து கியர் பாக்ஸின் எண்ணெய்த் தடுப்பு வளையத்தை அறுத்தால் எண்ணெய் கசிந்துவிடும். கரும்புச் சோகைக்கு முன்னர் கூறிய சோகை தூளாக்கும் கருவியே ஏற்றது.

ஆகவே, நெல் மட்டுமே சாகுபடி செய்பவருக்குச் சுழல் வெட்டுக்கருவி பெரும்பாலும் வேண்டியதில்லை. தோப்பும் மேட்டு நிலமும் உடையவருக்கே அது பயன்படும். உங்கள் நிலத்தில் இவ்வேலை இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், பணம் மிச்சம்.

இரண்டாம் கேள்வி: எந்த டிராக்டருக்கு?

*1. திறனுக்கு ஏற்ற அகலம்*

டிராக்டரின் விளம்பரத்தில் சொல்லப்படுவது எஞ்சினின் குதிரைத்திறன். அது முழுவதும் கருவிக்கு வந்து சேர்வதில்லை. கியர்களில் ஒரு பங்கு கழிந்து, ஏறத்தாழ 85 விழுக்காடே பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும். சுழல் வெட்டுக்கருவிக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 பி.டி.ஓ. குதிரைத்திறன் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கு வழி உண்டு. எஞ்சினின் குதிரைத்திறனை ஆறால் வகுத்தால் வருவதே அடிக்கணக்கு.

15 குதிரைத்திறன் – 2½ அடி
18 குதிரைத்திறன் – 3 அடி
21 குதிரைத்திறன் – 3½ அடி
24 குதிரைத்திறன் – 4 அடி
27 குதிரைத்திறன் – 4½ அடி

இது தோப்புப் புல்லுக்கான மேல் வரம்பு. புதர் வெட்டுவதானால் அரை அடி குறைத்துக்கொள்ள வேண்டும். டிராக்டருடன் தரும் கையேட்டில் பி.டி.ஓ. திறன் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதையே ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம்.

*2. சக்கரத் தடத்தை மூட வேண்டும்*

பின்சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். வெட்டும் அகலம் இதைவிடப் பக்கத்துக்கு இரண்டு மூன்று அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் இருபுறமும் கோடாக நிற்கும். திறனுக்கு ஏற்ற அகலம் இதற்குப் போதவில்லையெனில் அகலத்தைக் கூட்டாதீர்கள். சக்கரங்களை உள்பக்கமாகத் தள்ளிப் பூட்டித் தட அகலத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

*3. பி.டி.ஓ. சுற்று*

இக்கருவிகள் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு அமைக்கப்பட்டவை. சில சிறு டிராக்டர்களில் 540 சுற்றுடன் அதைவிட வேகமான இரண்டாம் சுற்றும் உண்டு. தவறுதலாக அந்த நெம்பைப் போட்டுவிட்டால் கத்தியின் வேகம் கருவி தாங்கும் அளவைக் கடந்துவிடும். நெம்பின் அருகே சிவப்பு வண்ணத்தால் அடையாளம் இட்டுவைப்பது நல்லது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடும்போது பி.டி.ஓ. 540 சுற்று வரும் என்பதைக் கையேட்டில் பார்த்து, அவ்வேகத்திலேயே ஓட்ட வேண்டும். டீசலை மிச்சப்படுத்த எண்ணி ஆக்சிலேட்டரைக் குறைத்தால் கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும். சுமை கூடினால் கியரைக் குறையுங்கள், சுற்றைக் குறைக்காதீர்கள்.

*4. இணைப்பு ஊசிகள்*

சிறு டிராக்டர்களின் மூன்று முனை இணைப்பு முதல் வகையைச் சேர்ந்தது. அதில் கீழ்க்கை ஊசியின் விட்டம் 22 மில்லிமீட்டர், மேல் இணைப்பு ஊசியின் விட்டம் 19 மில்லிமீட்டர். பெரிய டிராக்டர்களுக்கான இரண்டாம் வகையில் இவை முறையே 28, 25 மில்லிமீட்டர். கருவி எந்த வகைக்கு அமைந்தது என்று கேட்டு வாங்குங்கள். மிகச் சிறிய டிராக்டர்களில் கீழ்க்கைகளின் இடைவெளி இன்னும் குறுகலாக இருக்கும். ஆகவே இடைவெளியையும் அளந்துகொள்ள வேண்டும்.

*5. முன்பக்கத்து எடை*

இதைப் பலரும் கவனிப்பதில்லை. கருவியைத் தூக்கியதும் டிராக்டரின் முன்சக்கரத்து எடை குறையும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் நின்றால்தான் ஸ்டியரிங் கேட்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். டிராக்டரின் எடை 850 கிலோ. அதில் முன்பக்கம் 340 கிலோ. முன், பின் அச்சுகளுக்கு இடையே 1.5 மீட்டர். கருவியின் எடை 220 கிலோ. அதன் எடை மையம் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால். கருவியைத் தூக்கும்போது முன்பக்கம் குறையும் எடை 220 × 1.2 ÷ 1.5, அதாவது 176 கிலோ. மீதி 164 கிலோ. மொத்த எடை 1070 கிலோவில் இது 15 விழுக்காடுதான், போதாது. முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 60 கிலோ எடைக்கட்டி மாட்டினால், முன்பக்கத்துக்கு 80 கிலோ கூடி 244 கிலோவாகும். மொத்தம் 1130 கிலோவில் 21 விழுக்காட்டுக்கு மேல் வந்துவிடும். வாய்க்கால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் எழும்பிக் கவிழும் விபத்தை இந்த 60 கிலோ தடுக்கிறது. எனவே கருவியின் விலையைக் கணக்கிடும்போது முன் எடைக்கட்டியின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கேள்வி: எத்தனை ஏக்கருக்கு?

4 அடி அகலக் கருவியை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திரும்பும் நேரமும் நிற்கும் நேரமும் கால் பங்கு போக, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏக்கர் முடியும். ஓர் ஏக்கருக்கு ஒன்றரை மணி. நம் தஞ்சைக் கணக்கில் ஒரு மாவுக்கு அரை மணி, ஒரு வேலிக்குப் பத்து மணி.

இனிச் சொந்தமா, வாடகையா என்பதைக் கணக்கிடுவோம். கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையையும் வாடகையையும் இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

கருவியின் விலை 60,000 ரூபாய். உழைக்கும் காலம் 8 ஆண்டு. இறுதியில் பழைய இரும்பு விலை 6,000 ரூபாய் என்று கொள்வோம்.

ஆண்டுத் தேய்மானம் – 6,750 ரூபாய்
சராசரி மதிப்பாகிய 33,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு வட்டி – 3,300 ரூபாய்
பழுது, கத்தி, எண்ணெய் – 3,000 ரூபாய்
ஆண்டுச் செலவு மொத்தம் – 13,050 ரூபாய்

கருவியைக் கொட்டகையில் பூட்டி வைத்தாலும் இச்செலவில் பெரும்பகுதி இருந்தே தீரும். டிராக்டருடன் கருவிக்கு மணி வாடகை 1,000 ரூபாய் என்றும், சொந்த டிராக்டரில் டீசலுக்கும் ஓட்டுநருக்கும் மணிக்கு 500 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், சொந்தக் கருவியால் மணிக்கு 500 ரூபாய் மிச்சம். 13,050-ஐ 500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26 மணி. ஏக்கருக்கு ஒன்றரை மணி வீதம் 17 ஏக்கருக்குச் சற்று மேல். அதாவது, ஆண்டுக்கு அவ்வளவு வேலை இருந்தால்தான் முதல் தேறும்.

மூன்று ஏக்கர் தோப்பை ஆண்டுக்கு மூன்று முறை வெட்டினால் ஒன்பது ஏக்கர் வேலைதான் ஆகிறது. இந்தக் கணக்கில் அவருக்குச் சொந்தக் கருவி நட்டம். அவரைப் போன்ற இருவர் சேர்ந்து ஒரே கருவி வாங்கினால் ஈடுகட்டும். அல்லது அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கும் வாடகைக்கு ஓட்ட வாய்ப்பிருந்தால் வாங்கலாம். கடன் வாங்கிக் கருவி எடுப்பவர் இக்கணக்கை ஒருமுறைக்கு இருமுறை போட வேண்டும். தவணை ஆண்டு தவறாமல் வரும். மழையும் மேட்டூர்த் தண்ணீரும் அப்படி வருவதில்லை.

வேளாண் இயந்திரங்களுக்கு அரசு மானியம் உண்டு. 2014-15-ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் விதிப்படி சிறு, குறு உழவர்களுக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியின உழவர்களுக்கும் 50 விழுக்காடும், மற்றவர்களுக்கு 40 விழுக்காடும், உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகிறது. எந்தக் கருவிக்கு எவ்வளவு என்பது ஆண்டுதோறும் மாறக்கூடும். எனவே வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். வாங்கியபின் கேட்டுப் பயனில்லை. அதே துறை இ-வாடகைச் சேவை மூலம் இயந்திரங்களை வாடகைக்கும் தருகிறது. மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேற்பட்ட அகலத்தில் வாங்க வேண்டாம். பாதி விலைக்கு வந்தாலும் பொருந்தாத கருவி பொருந்தாததே.

கடையில் பார்க்க வேண்டியவை

1. கத்திகள் தட்டில் இறுகப் பிணைக்கப்படாமல், போல்ட்டில் தளர்வாகத் திரும்பும்படி இருக்க வேண்டும். கல்லிலோ கட்டையிலோ மோதினால் கத்தி பின்னால் மடங்கி அதிர்ச்சியைக் குறைக்கும்.

2. பி.டி.ஓ. தண்டில் ஷியர் போல்ட் அல்லது ஸ்லிப் கிளட்ச் இருக்க வேண்டும். கத்தி எதிலேனும் சிக்கினால் ஷியர் போல்ட் அறுந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றும். அது அறுபடுவதற்கென்றே வைத்த போல்ட். அடிக்கடி அறுகிறது என்று அதைவிடக் கடினமான போல்ட்டைப் போடுபவர் சிறு செலவுக்கு அஞ்சிக் கியர் பாக்ஸை இழப்பார்.

3. உங்கள் டிராக்டரில் கிளட்ச்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் சேர்ந்து நிற்கும் அமைப்பு இருந்தால் ஓவர்ரன்னிங் கிளட்ச் கட்டாயம் தேவை. கிளட்ச்சை மிதித்தபின்னும் கனத்த கத்திகள் சுழன்றுகொண்டே இருந்து, அந்த வேகத்தில் டிராக்டரை முன்னே தள்ளும். நிறுத்த எண்ணிய இடத்தில் டிராக்டர் நிற்காது. கேணிக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இது உயிருக்கே ஆபத்து.

4. பி.டி.ஓ. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை முழுமையாக இருக்க வேண்டும். கூட்டின் முன்னும் பின்னும் சங்கிலித் திரை அல்லது தகட்டுத் திரை இருக்க வேண்டும். "அது தேவையில்லை, கழற்றிவிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

5. தண்டின் நீளம் உங்கள் டிராக்டருக்குப் பொருந்த வேண்டும். கருவியைத் தூக்கி இறக்கிப் பார்த்து, மிகவும் நீண்ட நிலையிலும் ஒரு குழாய் மற்றொன்றுக்குள் அதன் மூன்றில் ஒரு பங்காவது புகுந்திருக்கிறதா என்று காணுங்கள். மிகவும் குறுகிய நிலையில் முட்டாமல் ஓர் அங்குல இடைவெளி இருக்க வேண்டும்.

6. இருபுறமும் உயரத்தை மாற்றக்கூடிய சறுக்குத் தகடு இருக்க வேண்டும்.

7. கத்தி, போல்ட், எண்ணெய்த் தடுப்பு வளையம் ஆகிய உதிரிகள் தஞ்சையிலோ திருச்சியிலோ கிடைக்குமா என்று விசாரியுங்கள். வேளாண் இயந்திரங்களைச் சோதிக்க ஆந்திராவின் கார்லதின்னே, மத்தியப் பிரதேசத்தின் புத்னி ஆகிய இடங்களில் மத்திய அரசின் நிறுவனங்கள் உள்ளன. கருவிக்குச் சோதனை அறிக்கை உண்டா என்று கேளுங்கள்.

8. பணம் கட்டுமுன் உங்கள் தோப்பிலேயே ஒரு மா ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி வேலைதான். ஓட்டும்போது எஞ்சின் சுற்று இறங்குகிறதா, கரும்புகை வருகிறதா என்று கவனியுங்கள். நிறுத்தியபின் போல்ட் தளர்ந்துள்ளதா, கியர் பாக்ஸில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். பின்னால் நடந்துபோய் வெட்டாமல் விடுபட்ட கோடு இருக்கிறதா என்றும் நோக்குங்கள்.

பாதுகாப்பு

540 சுற்று என்றால் ஒரு நொடிக்கு ஒன்பது சுற்று. தண்டின் இணைப்புக் கண்ணி நான்கு அங்குல விட்டம் உடையது. அதில் துணி சிக்கினால் ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று மீட்டர் சுற்றிக்கொள்ளும். நாலு முழ வேட்டி முழுவதும் சுற்றிக்கொள்ள ஒரு நொடி கூட ஆகாது. கையை உதறிக்கொள்ள நேரம் இராது. எனவே வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் சுழலும் தண்டின் அருகே வரக்கூடாது. கால்சட்டை அணிந்து ஓட்டுவதே நல்லது.

கத்தியின் வேகத்தையும் எண்ணிப் பாருங்கள். கியர் பாக்ஸ் சுற்றை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. 4 அடிக் கருவியில் கத்தி நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. அதில் பட்ட கல்லும் கம்பித் துண்டும் துப்பாக்கிக் குண்டுபோல் தெறிக்கும். வேலை நடக்கும்போது நூறு மீட்டருக்குள் ஆட்களோ ஆடுமாடுகளோ இருக்கக்கூடாது. சாலையோரத்திலும் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலும் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து ஓட்டுங்கள்.

மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுவது நம் ஊர்களில் அன்றாடக் காட்சி. இக்கருவி பின்னால் இருக்கும்போது அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். விழுந்தால் கத்திக்கு அடியில்தான் விழ நேரும்.

சிக்கியதை எடுக்க இறங்குமுன் பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கத்தி முற்றிலும் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்தபின் அருகே செல்லுங்கள். தூக்கிய கருவியின் அடியில் கை வைக்குமுன் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பக்கூடாது.

பராமரிப்பு

எட்டு மணி வேலைக்கு ஒருமுறை தண்டின் கிராஸ்களுக்குக் கிரீஸ் இடவும். கியர் பாக்ஸ் எண்ணெய் அளவை நாள்தோறும் பார்க்கவும். கத்தி போல்ட்டுகளை முதல் ஒரு மணி ஓடியதும் ஒருமுறை, பின்னர் நாள்தோறும் இறுக்கவும். கத்தி மழுங்கினால் எல்லாவற்றையும் ஒரே அளவு தீட்ட வேண்டும். சவரக்கத்தி போல் மெலிதாக்கினால் நுனி உடையும். ஒன்று உடைந்தால் எல்லாக் கத்திகளையும் ஒன்றாக மாற்றுங்கள். எடை ஒன்றுபோல் இல்லையென்றால் அதிர்வு ஏற்பட்டு பேரிங் கெடும். வெட்டும்போது கூட்டின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் திறன் மிச்சமாகும். வேலை முடிந்ததும் கூட்டின் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஈரப்புல் ஒட்டிக் கிடந்தால் ஒரே மழைக்காலத்தில் தகடு துருவேறிவிடும்.

நினைவில் கொள்க

• நெல் மட்டும் உள்ளவருக்கு இக்கருவி பெரும்பாலும் தேவையில்லை. தோப்பும் மேட்டு நிலமும் உள்ளவருக்கே பயன்.
• எஞ்சின் குதிரைத்திறனை ஆறால் வகுத்தால் வருவது அகலத்தின் மேல் வரம்பு.
• முன் எடைக்கட்டியும் தண்டின் உறையும் விலைக் கணக்கில் சேர்ந்தவை.
• ஆண்டு வேலையைக் கணக்கிட்டுச் சொந்தமா வாடகையா என்று முடிவு செய்க.
• உங்கள் நிலத்தில் ஒரு மா ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்த முறை கடைக்காரர் "எத்தனை அடி?" என்று கேட்கும்போது, டிராக்டரின் பி.டி.ஓ. திறனையும், சக்கரத்தின் தட அகலத்தையும், தோப்பின் பரப்பையும் எழுதிய சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும். அந்தச் சீட்டுச் சொல்லும் அடியைக் கேட்டு வாங்கினால், கருவியும் நெடுநாள் உழைக்கும். வீண் கடனும் சேராது.